இருநூற்று அறுபது

வீட்டில் மூவருக்கும் எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவுகள் ஒரே உறையில் வந்திருந்தன. மகள் ஒரு தாளை உருவிக்கொண்டு அப்பாவின் முன்னால் உட்கார்ந்தாள்.

"வெறும் வயித்துல சுகர் இருநூத்தி அறுபதுப்பா! இனிமே டீக்கு சர்க்கரை கிடையாது."

"எனக்கா? எனக்கு ஒண்ணும் இல்லம்மா. கல்லு மாதிரி இருக்கேன்."

அவள் மாலை வகுப்பில் மனோதத்துவம் படிக்கிறாள். சரியாகத்தான் சொல்கிறோமா என்று நோட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"இதுக்குப் பேரு மறுப்பு. தாங்க முடியாத விஷயம் வந்தா மனசு கதவச் சாத்திக்கும். உங்க மேல தப்பில்ல."

"என் கதவெல்லாம் தொறந்துதான் கெடக்கு, டாக்டரம்மா!"

"பாத்தீங்களா, மறுபடியும் மறுக்கறீங்க."

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "இவ பாஸ் பண்றதுக்குள்ள நம்ம ரெண்டு பேருக்கும் பைத்தியம் பிடிச்சிடும்!"

அப்பா சிரித்தபடியே கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை வாங்கினார். சிரிப்பு மெல்ல அடங்கியது.

"நம்பர மட்டும்தான் பாத்தியாம்மா? மேல பேரப் பாக்கலியா?"

அவள் எட்டிப் பார்த்தாள். அவளுடைய பெயர். வயது இருபத்து மூன்று.

"லேப்ல பேர மாத்தி அடிச்சிருப்பாங்கப்பா," என்றாள் சட்டென்று.

அப்பா அவளுடைய பாடத்தை அவளுக்கு நினைவூட்டவில்லை.

"இருக்கலாம்மா. காலைல நாம ரெண்டு பேருமா போய் இன்னொரு தடவ எடுத்துப் பாத்துடலாம்," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.