பிழையில்லாத அளவீடு

எங்கள் கல்லூரியின் இயற்பியல் துறையில் மாசிலாமணி சாரின் அளவீட்டில் மட்டும் பிழை வருவதில்லை. ஹைட்ரஜன் விளக்கில் எலக்ட்ரான் மூன்றாம் ஆற்றல் மட்டத்திலிருந்து இரண்டாவதுக்கு விழும்போது சிவப்பாக ஒரு கோடு ஒளிரும். அதன் அலைநீளத்தைக் கருவியில் அளந்தால் எனக்கு ஒருநாள் 653 நானோமீட்டர் வரும், இன்னொரு நாள் 660 வரும். அவருக்கோ எப்போதும் 656.3தான். சூத்திரத்தில் போட்டால் வருகிற அதே எண்.

"அந்தக் கருவி அவருக்கு மட்டும் மாமன் மச்சானா?" என்று ஆய்வக உதவியாளர் பொற்கொடியிடம் கேட்டேன். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அவருக்குக் கண்ணு தெரியல மேடம். கணக்குப் போட்டுத்தான் சொல்றாரு. நேத்து என்னையப் பார்த்து 'வணக்கம் பிரின்சிபால்'ங்கிறாரு! யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. தற்காலிக வேலை, தெரிஞ்சா மறுநாளே அனுப்பிடுவாங்க."

நான் சொல்லவில்லை. ஆனால் சோதித்துப் பார்க்காமல் இருக்க என்னால் முடியுமா? மறுநாள் இருட்டறையில் மாணவர்கள் சூழ அவர் கருவியில் கண்ணை வைத்திருந்தபோது, மெல்லப் பின்னால் போய் விளக்கின் பிளக்கைப் பிடுங்கினேன்.

"கோடு தெரியுதா சார்?"

"ஜோராத் தெரியுது மேடம். நல்ல சிவப்பு."

விளக்கு அணைந்ததை அத்தனை பிள்ளைகளும் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. கும்மிருட்டில் ஒரு பெண்ணின் குரல் மட்டும் கேட்டது.

"சொல்லுங்க சார், எழுதிக்கிறோம்."

அவர் எண்ணைச் சொன்னார். காகிதங்களில் பேனாக்கள் உரசின. நான் பிளக்கைத் திரும்பச் செருகச் சுவரைத் தடவிக்கொண்டே இருந்தேன். துளை அகப்படவில்லை.