சக்கரம் ஆறும்வரை

தடித்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது வெள்ளையாய் எரிந்துகொண்டிருந்தது.

எரியவில்லை. சுற்றிக்கொண்டிருந்தது.

மிட்டாய்க் கடை முன்னால் நிற்கிற பிள்ளை மாதிரி அவர் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டவைத்திருந்தார். வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று.

உள்ளங்கை அளவுச் சக்கரம். ஓரமெல்லாம் இதழ்கள். எஞ்சினில் எரிகிற வாயு அந்த இதழ்களில் மோதித்தான் அதைச் சுழற்றுகிறது. ஆயிரத்து முந்நூறு டிகிரி. இரும்பாக இருந்தால் இந்நேரம் குழைந்து தொங்கியிருக்கும்.

இது பீங்கான். டீ கப்புக்கு ஒன்றுவிட்ட தம்பி.

ஆற்று மணலில் இருக்கிற சிலிக்கான். அவர் மூச்சில் போய் வருகிற நைட்ரஜன். இரண்டையும் சேர்த்துச் சுட்டது.

அவ்வளவுதான்.

வருடக்கணக்காய்த் தெரிந்த விஷயம். இன்றைக்குத்தான் யாரோ காதில் சொன்ன மாதிரி இருந்தது.

கேன்டீனில் அவருக்குச் சட்டி டாக்டர் என்று பெயர். வைத்தவனைப் பிடிக்காமல் விடப்போவதில்லை என்று கொஞ்ச நாள் சத்தம் போட்டார். வைத்தவர் அவரேதான்.

பின்னால் கைதட்டல். அவரோடு வேலை செய்கிற பொறியாளர் பூரணி எரிபொருளை நிறுத்தினாள். சோதனை முடிந்தது என்று எல்லோரும் சாப்பிடக் கிளம்பினார்கள்.

அவர் போகவில்லை.

நெருப்பில் எதுவும் உடைந்ததில்லை. முன்னால் செய்த நான்கு சக்கரங்களும் இப்படித்தான் ஜோராய்ச் சுற்றின. இப்படித்தான் கைதட்டினார்கள். ஆறும்போதுதான், டிக்.

விரல் சொடுக்குகிற சத்தம்தான். உலோகம் என்றால் முதலில் வளையும், முனகும், நமக்கு நோட்டீஸ் கொடுக்கும். பீங்கானுக்கு அந்த நாகரிகம் கிடையாது.

நான்கின் சில்லுகளும் அவர் மேஜையில் காகிதம் பறக்காமல் பார்த்துக்கொள்கின்றன. ஊரிலேயே விலை உயர்ந்த பேப்பர் வெயிட் தன்னுடையது என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

இதுவும் போனால், திங்கட்கிழமையிலிருந்து இந்த அறையில் போர்வெல் மோட்டார் சோதிப்பார்கள். நிர்வாகம் சொல்லிவிட்டது. கோயமுத்தூரில் மோட்டாருக்கு இல்லாத மரியாதையா என்று அவரே எல்லோருக்கும் முன்னால் சிரித்து வைத்தார்.

மின்விசிறியை நிறுத்தினார். சட்டை முதுகில் ஒட்டியது.

வெள்ளை மஞ்சளானது.

மஞ்சள் குங்குமமானது.

குங்குமமும் அணைந்தது. இனிமேல் காது மட்டும்தான்.

டிக்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்தபோது பூரணி நின்றிருந்தாள். அவருக்கென்று கொண்டுவந்த டீ கப்பை அப்போதுதான் மேஜையில் வைத்திருந்தாள்.

"சத்தம் போட்டது கப்பு மட்டுந்தானா?"

அவள் கப்பையும் எஞ்சினையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்படித்தான் நெனைக்கிறேனுங்க சார்."

கப்பைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டாள். மறுபடி கீழே வைக்கவில்லை. டீ ஆடை கட்டியது. வேறு சத்தம் எதுவும் வரவில்லை. வரவேண்டியது ஏற்கெனவே வந்துவிட்டதா என்பதுதான் தெரியவில்லை.

எஞ்சின் மூடியைக் கழற்றியபோது சாயங்காலமாகிவிட்டது. கருஞ்சாம்பல் நிறத்தில் சக்கரம். கண்ணுக்கு முழுசாகத்தான் இருந்தது. ஆனால் மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. தட்டினால்தான் தெரியும். விரிசல் இருந்தால் செத்த சத்தம் வரும்.

பூரணி நடுத்துளையில் நூலைக் கோத்துச் சக்கரத்தைத் தொங்கவிட்டாள். தட்டச் சொல்லிப் பேனாவை அவரிடம் நீட்டினாள்.

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

இரண்டு ஜோக் தயாராக வைத்திருந்தார். உடைந்திருந்தால் சொல்ல ஒன்று. பிழைத்திருந்தால் சொல்ல ஒன்று.

அவளே தட்டினாள்.

மணி.

அறை முழுக்க. சுவரில் பட்டு, தகரக் கூரையில் பட்டு, அவர் பல்லுக்குள் வந்து நின்றது. நூல் ஆடி அடங்கிய பிறகும் அது அடங்கவில்லை.

மணல். காற்று.

பூரணி ஜோக்குக்காகக் காத்திருந்தாள்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைக்கத் தேவையில்லாத இடத்தையெல்லாம் துடைத்தார்.

"இன்னொருக்கா தட்டுங்க அம்மிணி."