நீல ரிப்பன்

தையல்காரி மகளின் பின்னால் உட்கார்ந்து பின்னலை முடித்து, நுனியில் பளிச்சென்ற நீல ரிப்பனைக் கட்டுகிறாள். மகளுக்கு இன்று வேலையில் முதல் நாள். சின்ன வயதில், அம்மா அசந்த ஒரு நிமிடத்தில், இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு அவள் கன்னத்தில் அப்படியே இருக்கிறது. பார்க்கிறவர் கண் ரிப்பனுக்கு ஓடிவிடும் என்பது அன்றிலிருந்து அம்மாவின் கணக்கு. ஜன்னல் விளிம்பில் ஓர் அரணைக் குட்டி வெயில் காய்கிறது. உடம்பு மண் நிறம், வால் மட்டும் மயில்நீலம். எங்கிருந்தோ பூனை பாய்கிறது, அகப்பட்டது வால்தான். தரையில் தனியாகத் துள்ளும் அந்த நீலத்தைப் பூனை வைத்த கண் வாங்காமல் பார்க்க, குட்டி தையல் மெஷினுக்கு அடியில் நூல்கண்டை ஒட்டி மூச்சு வாங்குகிறது. "பாத்தியாடி, வால்தான் அதக் காப்பாத்திச்சு. நான் சொல்லல?" மகள் தரையோடு குனிகிறாள். "எல்லாரும் வாலயே பாக்குறீங்களேம்மா. அது மூஞ்சி எவ்ளோ அழகா இருக்கு, வந்து பாரேன்." தையல்காரியின் விரல்கள் ரிப்பனிலேயே நிற்கின்றன. பின்னல் அவிழ்ந்தால் அவிழட்டும் என்று முடிச்சை உருவிவிட்டு, மகளைத் தன் பக்கம் திருப்பி, இத்தனை வருடம் கழித்து அந்த முகத்தை முழுசாகப் பார்க்கிறாள்.