பெரிய விருந்து

அகிலன் செய்த காரியத்தால் சனிக்கிழமை சாயந்திரம் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவே சிரித்துக்கொண்டிருந்தது.

அவன் போட்டிருந்தது ஒரே வரிதான். 'நான் ஈசூன் வந்துட்டேன். நீங்க எல்லாரும் எங்க இருக்கீங்க?'

சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி அது. அகிலன் அங்கே வரைபடம் போடுகிறவன். கோடு ஒரு மில்லிமீட்டர் பிசகாது. ஆனால் யார் எதைச் சொன்னாலும் அப்படியே எடுத்துக்கொள்வான். நம்ம பாஸுக்கு ஒரு கோயில் கட்டணும் என்று முத்துராமன் ஒருநாள் சலித்துக்கொண்டபோது, "இடம் கிடைக்கறது கஷ்டம் அண்ணே" என்று உண்மையாகவே கவலைப்பட்டவன்.

முத்துராமன் அந்த ஆபீஸின் நக்கல் மன்னர். மனைவி இறந்து நாலு வருஷம். மகள் மெல்பர்னில் இருக்கிறாள். அவர் வாயிலிருந்து நேரான பேச்சு வந்து யாரும் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிடும்போது அவர்தான் ஆரம்பித்தார். நாளைக்கு அவருக்கு ஐம்பத்தைந்து முடிகிறதாம். வீட்டில் பெரிய விருந்தாம். மந்திரிங்க எல்லாம் வருவதால் கூட்டம் தாங்காதாம். முன்னாடியே வந்து இடம் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ப்ளாக் நம்பர், வீட்டு நம்பர், ஏழு மணி என்று நேரமும் சொன்னார். அவரைத் தவிர மேசையில் இருந்த ஐந்து பேரில் நாலு பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அகிலன் குறித்துக்கொண்டான்.

இப்போது ஒரு பெட்டி மைசூர்பாகோடு ஈசூனில் முத்துராமன் குடியிருக்கும் ப்ளாக் கீழே நின்றவனுக்கு சங்கீதா போன் செய்தாள். ஆபீஸில் அவனை அதட்ட உரிமை உள்ளவள் அவள்தான்.

"அவர் சும்மா ஜோக் அடிச்சார் லா. மானத்தை வாங்காம வீட்டுக்குப் போ."

"அட்ரஸ் எல்லாம் சொன்னாரே அக்கா. ஜோக்குக்கு எதுக்கு அட்ரஸ்?"

நீ திருந்தவே மாட்டே என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

அகிலன் மேலே போய் மணியை அழுத்தினான்.

கதவைத் திறந்த முத்துராமன் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். அகிலனைப் பார்த்தார். அவனுக்குப் பின்னால் நீண்ட நடைபாதையையும் பார்த்தார். பிறகு, உள்ளே வாப்பா என்றார்.

மேசையில் ஆறு தட்டுகள். நடுவில் பெரிய பாத்திரம் நிறைய மட்டன் பிரியாணி. அவரே சமைத்தது. அகிலன் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். உப்பு கொஞ்சம் கம்மி என்றும் சொன்னான். அன்றைக்கு முத்துராமன் ஒரு நக்கல்கூடப் பேசவில்லை. மகளைப் பற்றிப் பேசினார். மனைவி கைப்பக்குவம் தனக்கு வரவில்லை என்றார். இடையில் நன்றாகச் சிரித்தார்.

சாப்பிட்டு முடித்து, யாரும் தொடாத நாலு தட்டுகளை அவர் அலமாரியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது அகிலன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"நீங்க கூப்பிட்டது ஜோக்குன்னு எல்லாரும் சொல்றாங்க அண்ணே. எனக்கு அதெல்லாம் புரியாது. ஜோக்கா இருந்தா சொல்லிடுங்க, அடுத்த வருஷம் சரியா நடந்துக்கறேன்."

முத்துராமன் கடைசித் தட்டையும் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"நீ போன வருஷம் இந்த ஆபீஸ்ல இல்லப்பா. போன வருஷம் சீரியஸாத்தான் கூப்பிட்டேன். ஒருத்தரும் வரல."