இறங்கும் பக்கம்

2011 ஜூன் 28, செவ்வாய்க்கிழமை. ஓஹையோ மாநிலம், லிமா. ஒரு பக்கத்து மரச்சட்டம் ஏறி இறங்குகிற குழந்தைக் கட்டிலை இன்றிலிருந்து எந்தக் கடையும் விற்கக் கூடாது. புதியதானாலும் சரி, பழையதானாலும் சரி.

கர்ட் வந்தபோது, டார்லா தன் கடையின் பின்பக்கப் புல்தரையில் அவனுடைய கட்டிலை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தாள்.

அவனுடையது என்பது பேச்சுக்குத்தான். குழந்தைகளின் பழைய துணியும் சாமானும் விற்கிற கடை அது. போன வாரம் வந்து பார்த்துவிட்டு, சம்பளம் வந்ததும் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். வெள்ளை அடித்த மேப்பிள் மரம்.

மனைவிக்கு இது நிறைமாதம். குழந்தையைக் கிடத்த வீட்டில் வேறு எதுவும் இல்லை.

"நேத்தாவது வந்திருக்கலாம்ல," என்றாள் டார்லா, நிமிராமல்.

"நேத்து சம்பளம் வரல. ஒரு ராத்திரியில கெட்டுப்போக அது என்ன பாலா?"

"போன வாரமும் இப்படித்தான் இருந்துச்சு. பக்கம் கழண்டு, அந்த இடுக்குல மாட்டிப் பிள்ளைங்க செத்திருக்கு, கர்ட்."

"சரி, சும்மா குடு. வித்தாத்தானே தப்பு?"

"கடையிலேர்ந்து கை மாறுனாலே தப்பு. குப்பையில போட்டாலும் யாரும் எடுத்துத் திரும்பச் சேர்க்க முடியாதபடி போடணும். எனக்கு மட்டும் ஆசையா? இந்த மாச வாடகையைத்தான் அறுத்துட்டிருக்கேன்."

ரம்பம் இழுக்கிற இழுப்பில் சட்டம் துள்ளியது. பிடிக்கச் சொல்லி அவள் கேட்கவில்லை. அவனாகவே குனிந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

மரத்தூள் அவன் பூட்ஸில் விழுந்தது.

கடைக்குள்ளிருந்து குழந்தை அழுகிற சத்தம் கேட்டது.

"எழுந்துட்டான்," என்று ரம்பத்தைப் புல்லில் போட்டாள். கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு, பின்வாசல் திரையை ஒதுக்கி உள்ளே போனாள். ஒதுக்கிய திரை அப்படியே நின்றது.

உள்ளே, அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே, வெள்ளை அடித்த ஒரு கட்டில். கம்பைப் பிடித்துக்கொண்டு அவளுடைய பையன் நின்றிருந்தான். ஒரு வயது இருக்கும்.

டார்லா முழங்காலால் சட்டத்தை முட்டி, லேசாக மேலே தூக்கி, விட்டாள். பக்கம் கீழே இறங்கியது.

பையனைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது, கர்ட் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

"இது விக்கிறதுக்கு இல்ல," என்றாள்.

"தெரியுது."

வெளியே வந்து நின்றாள். பையன் அவள் தோளில் முகத்தைத் தேய்த்தான். கீழே விடப் பார்த்தாள்; அழுதான்.

இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு மரம் அறுக்க முடியாது.

மிச்சத்தைக் கர்ட் அறுத்தான்.