வெறும் கிரைண்டர்

மலையில் மழை இறங்கினால் போதும், இசக்கியப்பன் வீட்டில் கிரைண்டர் ஓட ஆரம்பித்துவிடும். கூடவே டிவி, ரேடியோ எல்லாம் அலறும்.

பக்கத்துக் காம்பவுண்டில் செல்லச்சாமியின் லாட்ஜ். ‘அருவிச் சத்தம் கேட்டபடி தூங்கலாம்’ என்று வாசலில் போர்டு வைத்திருந்தார்.

குற்றாலத்தில் சீசன் நேரம். வெள்ளம் அதிகமாகி, அருவியில் குளிக்கத் தடை. ரூமில் உட்கார்ந்து சத்தத்தையாவது கேட்கலாம் என்றால் கிரைண்டர்தான் கேட்கிறது என்று சொல்லி, ஒரு கோவில்பட்டிக் குடும்பம் காலி செய்துவிட்டுப் போனது.

செல்லச்சாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கார் நிறுத்த அந்த வீட்டை விலைக்குக் கேட்டு, இசக்கியப்பன் மறுத்ததிலிருந்து இரண்டு பேருக்கும் ஆகாது. போன சீசனில் அங்கே துட்டி விழுந்தபோதுகூட இவர் துக்கம் கேட்கப் படியேறவில்லை.

இன்றைக்குப் போனார். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். அரிசியும் இல்லை, உளுந்தும் இல்லை. கல் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

“ஏம்லே, கல்லை அரைச்சா திங்கப்போற?”

“தண்ணி குறைஞ்சதும் நிறுத்திருதேன் அண்ணாச்சி.”

இசக்கியப்பன் தணிவாகத்தான் சொன்னார். செல்லச்சாமி காதில் அது நக்கலாக விழுந்தது.

வெளிச்சுவரில் மீட்டர் பெட்டி. பீஸ் கட்டையைப் பிடுங்கினார்.

எல்லாம் அடங்கியது. அருவி இரைந்தது. லாட்ஜ் மாடியில் யாரோ கை தட்டினார்கள்.

உள்ளேயிருந்து இசக்கியப்பனின் மனைவி ஆனந்தவள்ளி வந்தாள். கையில் ஒரு துண்டு, சின்னப் பிள்ளையின் கவுன். முகத்தில் சிரிப்பு.

“அபி குளிச்சு முடிச்சிட்டா. துண்டு கேக்கா. இந்தா வாரேன்ட்டி,” என்றபடி தெருவில் இறங்கி அருவிப் பக்கம் ஓடினாள்.

போன சீசனில் வெள்ளம் இழுத்துக்கொண்டு போன பிள்ளை அபி.

இசக்கியப்பன் ஓடிப்போய் மனைவியைப் பிடித்தார். திமிறினாள்.

“கட்டையை மாட்டிருங்க அண்ணாச்சி. அருவிச் சத்தம் காதுல விழுந்தா இவளை நிறுத்த முடியாது.”

செல்லச்சாமி மீட்டர் பெட்டிக்குத் திரும்பினார். இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவை மாட்டினார். கிரைண்டர் கடகடத்தது.

ஆனந்தவள்ளி நின்றாள். கையிலிருந்த துண்டைப் பார்த்தாள். முகம் செத்துப்போனது.

“பிள்ளை கூப்பிடுததைக் கேக்க விடாம எந்தப் பாவி சத்தத்தைப் போட்டது?”

தினமும் அந்த ஏச்சை வாங்கிக்கொள்ளும் இசக்கியப்பன் வாயைத் திறப்பதற்குள், செல்லச்சாமி முன்னால் வந்தார்.

“நான்தான் தாயி.”