ரேபர்னுக்கு அடுத்தவர்

“ரேபர்னுக்கு அடுத்து வந்த கோச் பேரு என்ன, ஞாபகம் இருக்கா?”

காபி ஊற்றிக்கொண்டிருந்த வெல்மாவின் கை நிற்கவில்லை. “ப்ரூயிட்,” என்றாள். “பதினெட்டு வருஷம் இருந்தான். போன வாரம்தான் மூட்டையக் கட்டினான்.”

“ப்ரூயிட்டுக்கு முன்னால? நடுவுல ஒருத்தர் இருந்தாரே.”

“நடுவுலயா?” வெல்மா கூரையைப் பார்த்து யோசித்தாள். “நடுவுல யாரும் இல்ல கண்ணு.”

லைல் கோட்டுப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். உள்ளே நான்காக மடித்த தாள் இருந்தது. ஐந்து மணிக்குள் கையெழுத்துப் போட்டுக் கல்லூரியில் கொடுக்க வேண்டும். போடுவதா, கிழித்தெறிந்துவிட்டுத் திரும்பிப் போவதா? ரேபர்னுக்கு அடுத்து வந்த அந்த மனிதரின் பெயரை ஊரில் ஒருவராவது சொல்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் திறப்பது என்று வந்திருந்தார்.

பெட்ரோல் பங்கில் கேட்டதற்கு மழை வரும் என்று பதில் வந்தது. முடிதிருத்துபவர் கத்தரியை நிறுத்தி, கண்ணாடியில் லைலுக்குப் பின்னால் தெரிந்த வெற்றுச் சுவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இல்லை என்று தலையாட்டிவிட்டு வெட்டத் தொடங்கினார். வெல்மாவின் சாப்பாட்டுக்கடைதான் மிச்சம்.

“நீதான் புது கோச்சா? இன்னிக்கு யாரோ வர்றதா பேப்பர்ல போட்டிருந்தான்.”

லைல் காபியைக் குடித்தார். அவள் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு, கிண்ணம் நிறைய வாழைப்பழப் புட்டிங்கைக் கொண்டுவந்து வைத்தாள். தூக்குமேடைக்குப் போகிறவனுக்கு வைப்பது மாதிரி வைத்தாள்.

ரேபர்ன் என்றால் மட்டும் அவளுக்கு வாய் ஓயவில்லை. முப்பத்திரண்டு வருஷம், முன்னூற்றிரண்டு ஜெயம் என்றாள். முப்பத்தொன்று, இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு என்பது லைலுக்குத் தெரியும். திருத்தவில்லை. கடைசி வருஷம் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து ஓர முக்காலியில் உட்காருவாராம். புட்டிங்கில் பாதியை அப்படியே வைத்துவிட்டு, யாரோடும் பேசாமல் எழுந்து போவாராம்.

“எந்த மாசம்?”

“செப்டம்பர், அக்டோபர். நவம்பர் பூரா மழை. களத்தோரமா தொப்பலா நனைஞ்சுக்கிட்டு நின்னாரு மனுஷன். ஊரே பாத்துச்சு.”

“அவர் இறந்தது எப்போ?”

“அந்த வருஷம்தான். ஆகஸ்ட்ல. அடக்கத்துக்கு வந்த கூட்டத்துக்கு நான்தானே சமைச்சேன்.”

சொல்லிவிட்டு மேசையைத் துடைத்தாள். ஆகஸ்டில் புதைத்தவர் நவம்பரில் நனைந்துகொண்டு நின்றதில் அவளுக்கு எந்தக் கோளாறும் தெரியவில்லை.

பக்கத்து முக்காலியில் இருந்த கார்லண்ட் சிரித்தான். எதிர்ப்புறம் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவன். அந்தக் கடைசி வருஷம் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் ஆடியவன்.

“வந்த அன்னிக்கே பயம் காட்டாத வெல்மா,” என்றான். பிறகு லைல் பக்கம் திரும்பினான். “ஜாம்பவானுக்கு அடுத்துப் போறவன் செத்தான், அவனுக்கும் அடுத்துப் போறவன்தான் பொழைப்பான்னு சொல்லுவாங்க. உங்களுக்கு என்ன சார், நீங்க மூணாவது ஆளு.”

“நாலாவது இல்லையா?”

கார்லண்ட் விரல் விட்டு எண்ணினான். ரேபர்ன், ப்ரூயிட், நீங்க. மூன்றுதான்.

அவனுடைய வலது தோள் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. அதைத் தட்டிக் காட்டிக் கதையைச் சொன்னான். நவம்பரில் கடைசி ஆட்டம். சேற்றில் பந்தோடு விழுந்தவன் மேல் ஏழு பேர் விழுந்தார்கள். எலும்பு நொறுங்கிய சத்தம் அவனுக்கே கேட்டதாம். கோச் ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு அவனோடு ஆம்புலன்ஸில் ஏறினார். ஆஸ்பத்திரி வரை நாற்பது மைலும் அவன் கையை விடவில்லை. வலி தெரியாமல் இருக்க, அம்மா சமைப்பதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டம் தோற்றுப்போனது.

“எந்த கோச் அப்படிச் செய்வான்? அதனாலதான் அவர் ரேபர்ன்.”

“ரேபர்னா?”

“வேற யாரு?”

“முகத்தப் பாத்தீங்களா?”

“இப்ப நீங்க இருக்கற தூரத்துல.” கார்லண்ட் லைலின் கண்களை நேராகப் பார்த்துச் சொன்னான். “இன்னிக்கும் கண்ண மூடினா அந்த மூஞ்சிதான் நிக்குது சார்.”

லைலும் அவனையே பார்த்தார். அந்தக் கண்களில் எதுவும் அசையவில்லை. கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

கல்லூரி வாசலில் ரேபர்னின் சிலை துணி போர்த்தி நின்றது. காற்றில் துணி மூச்சுவிடுவதுபோல் ஏறி இறங்கியது. மறுநாள் திறப்பு விழா. விளையாட்டுத் துறைத் தலைவி, முப்பது வயதுப் பெண், “வாங்க கோச்,” என்று எழுந்து நின்றாள். சிலையின் பீடத்தில் எழுத்து வெட்டுகிறவர் காத்திருப்பதால்தான் அவசரப்படுத்த வேண்டியதாயிற்று என்று மன்னிப்புக் கேட்டாள்.

“படிச்சுப் பாத்துட்டீங்கல்ல?”

“இன்னொரு தடவ பாத்துக்கறேன்,” என்றார் லைல்.

தாளில் ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது: ‘ரேபர்ன் இறந்ததும் பொறுப்பேற்று ஓராண்டு பயிற்சியாளராக இருந்தவன் என்ற முறையில், அந்த ஆண்டின் நான்கு வெற்றிகளையும் ரேபர்னின் பெயரிலேயே பதிந்துகொள்ள எனக்கு ஆட்சேபனை இல்லை.’

அதன் கீழே லைல் தன் பெயரை முழுதாக எழுதினார்.